ஐவிஎஃப் சமயத்தில் அக்குபஞ்சர் எடுக்கலாமா? தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார்

தாழம்பூ (சேலம்)

தோழிகளுக்கு வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறேன், எழுதுவது இப்போதுதான்.

ஐயுஐ (விந்தைக் கருப்பைக்குள் செலுத்துவது) பலிக்கவில்லை, முதல் ஐவிஎஃப்பும் (சோதனைக்குழாய் முறை) நிற்கவில்லை. உறைய வைத்த கரு இருக்கிறது. அடுத்த மாதம் டிரான்ஸ்ஃபர் (கருவைக் கருப்பையில் வைப்பது) என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையில் என் மாமியார் தெரிந்தவர் மூலமாக ஒரு அக்குபஞ்சர் ஹீலரிடம் அழைத்துப் போனார். ஊசியெல்லாம் கிடையாது. நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையில் ஒரு இடத்தை விரலால் சில நொடி தொட்டார், அவ்வளவுதான். அப்புறம், "தைராய்டு மாத்திரை, ஃபோலிக் ஆசிட் எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். ரசாயனக் கழிவு தேங்கியிருப்பதால்தான் கரு தங்கவில்லை" என்றார். இடையில் காய்ச்சலோ வாந்தியோ வந்தால் அது கழிவு வெளியேறுகிற அடையாளமாம், பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடக் கூடாதாம்.

எங்கள் சென்டரில் பார்த்த இன்னொரு பெண், கோவையில் டிரான்ஸ்ஃபருக்கு முன்னும் பின்னும் ஊசி போட்டுக்கொள்வதாகச் சொன்னாள். இதற்கும் அக்குபஞ்சர் என்றுதான் பெயர், அதற்கும் அக்குபஞ்சர் என்றுதான் பெயர். எனக்குத் தலை சுற்றுகிறது. என் மாமியார் என்மேல் உயிராக இருப்பவர், அவர் மனம் நோகவும் கூடாது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைகைக்கரை (மதுரை)

தாழம்பூ, மற்றதெல்லாம் அப்புறம். மாத்திரையை நிறுத்திவிட்டீர்களா? கடைசியாக டிஎஸ்ஹெச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) எப்போது பார்த்தீர்கள்?

தாழம்பூ (சேலம்)

இல்லை அக்கா, மாமியாருக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டிருக்கிறேன். டிஎஸ்ஹெச் பார்த்து மூணு மாசம் இருக்கும்.

வார்டுசிஸ்டர் (தஞ்சாவூர்)

நல்ல வேலை செய்தீர்கள் கண்ணு. அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுருக்கமாகச் சொல்கிறேன்.

வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு முதல் மூன்று மாதம் தைராய்டு ஹார்மோன் அம்மாவிடமிருந்துதான் போகிறது. அதனுடைய சுரப்பி அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கே பற்றாக்குறை என்றால் கருச்சிதைவுக்கு வாய்ப்பு கூடும், குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கும். கர்ப்பம் உறுதியானதும் தைராக்ஸின் டோஸைப் பெரும்பாலும் கூட்டுவார்கள். கூட்ட வேண்டிய நேரத்தில் நிறுத்தச் சொல்வதை என்னவென்று சொல்ல?

ஃபோலிக் ஆசிட் கதையும் இதேதான். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகிற குழாய், கரு உண்டானதிலிருந்து சுமார் 28 நாளுக்குள் மூடிவிடும். பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று தெரியவரும்போது அந்த நாள் நெருங்கியிருக்கும், சிலருக்குத் தாண்டியே போயிருக்கும். அதனால்தான் முன்கூட்டியே போடச் சொல்கிறோம். தண்டுவடம் மூடாமல் பிறந்த குழந்தைகளைக் கையில் வாங்கியிருக்கிறேன். அந்தத் தாய்மாருக்கு யாரும் இதை நேரத்தில் சொல்லவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

பச்சைக்கிளி (திருநெல்வேலி)

எல்லாரும் அக்குபஞ்சரைத் திட்டப் போகிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிசிஓடி, அதாவது சினைப்பை நீர்க்கட்டி. மாதவிடாய் மூன்று மாதம், நான்கு மாதம் வராது. ஊசி அக்குபஞ்சர் எடுக்க ஆரம்பித்தேன், கூடவே சாப்பாட்டை மாற்றினேன், காலையில் நடந்தேன். எடை குறைந்தது, மாதவிடாய் சீரானது, பையன் பிறந்தான். அந்த அம்மா என்னிடம் உட்கார்ந்து பேசிய மாதிரி எந்த டாக்டரும் பேசியதில்லை. எதையும் நிறுத்தவும் சொல்லவில்லை. அதனால் எல்லாரையும் ஒரே தராசில் போடாதீர்கள்.

எண்ணெழுத்து (பெங்களூரு)

பச்சைக்கிளி, உங்கள் பையனுக்கு வாழ்த்துகள். நான் மருத்துவர் இல்லை. மருத்துவ ஆய்வுகளின் புள்ளிவிவரம் பார்ப்பது என் தொழில். எங்கள் வீட்டிலும் இதே கேள்வி வந்தபோது ஆய்வுகளை உட்கார்ந்து படித்தேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அக்குபஞ்சர் கருப்பைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும்" என்று எல்லா விளம்பரத்திலும் வரும். அது பெரும்பாலும் 1996-ல் ஸ்வீடனின் கோதன்பர்க்கில் நடந்த ஓர் ஆய்வைப் பிடித்துக்கொண்டு வருகிற பேச்சு. எலிசபெத் ஸ்டெனர்-விக்டோரின் குழுவினர் செய்தது. மின்சாரம் கொடுத்த ஊசிகளால் கருப்பைத் தமனியில் ரத்த ஓட்டத்துக்கான தடை குறைந்தது என்று கண்டார்கள். ஆனால் அதில் இருந்தது பத்துப் பெண்கள்தான். ஊசி போடாத பெண்களோடு ஒப்பிடவும் இல்லை. குழந்தை பிறந்ததா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை.

2002-ல் ஜெர்மனியில் பவுலஸ் குழுவினர் 160 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். டிரான்ஸ்ஃபருக்கு முன்னும் பின்னும் ஊசி போட்ட 80 பேரில் 42.5 சதவீதம் கர்ப்பம், போடாத 80 பேரில் 26.3 சதவீதம். உலகம் முழுக்க ஐவிஎஃப் சென்டர்கள் அக்குபஞ்சரைச் சேர்த்துக்கொண்டது இதற்கப்புறம்தான். தாழம்பூ பார்த்த பெண் கோவையில் எடுப்பதும் பெரும்பாலும் இந்த முறையாகத்தான் இருக்கும். 2008-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஏழு ஆய்வுகளை (1366 பெண்கள்) ஒன்றாகக் கூட்டிப் பார்த்து, பலன் இருக்கிறது என்று எழுதினார்கள். பத்திரிகைகள் கொண்டாடின.

இங்கேதான் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வுகள் பலவற்றில், ஊசி போடாத பெண்களுக்குத் தனக்கு ஊசி போடவில்லை என்று தெரியும். அடுத்தடுத்த ஆய்வுகளில் பொய் ஊசி வந்தது. முனை மழுங்கிய ஊசி, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் உள்வாங்கிக்கொள்ளும். குத்தின மாதிரியே இருக்கும், உள்ளே போகாது. 2009-ல் ஹாங்காங்கில் 370 பேரிடம் இப்படிச் செய்து பார்த்தபோது நிஜ ஊசிக்கு 43.8 சதவீதம் கர்ப்பம், பொய் ஊசிக்கு 55.1 சதவீதம். பொய் ஊசிக்குத்தான் அதிகம்! 2008-ல் எழுதிய அதே குழுவினர் 2013-ல் 16 ஆய்வுகளை, 4021 பெண்களைக் கூட்டிப் பார்த்தபோது மொத்தத்தில் பலன் தெரியவில்லை.

கடைசியாக 2018-ல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 16 மையங்களில் 848 பெண்கள். கேரலைன் ஸ்மித் தலைமை. அவரே அக்குபஞ்சர் ஆய்வில் ஊறியவர், எதிர்ப்பாளர் இல்லை. உயிரோடு குழந்தை பிறந்தது நிஜ ஊசிக்கு 18.3 சதவீதம், பொய் ஊசிக்கு 17.8 சதவீதம். ஒன்றுதான்.

பிசிஓடிக்கும் பெரிய ஆய்வு இருக்கிறது. 2017-ல் சீனாவில் 1000 பெண்கள், நான்கு குழு. க்ளோமிஃபீன் (முட்டை வெடிக்கக் கொடுப்பது) மாத்திரையோடு நிஜ ஊசி: 29.4 சதவீதம் பேருக்குக் குழந்தை. மாத்திரையோடு பொய் ஊசி: 28.0. நிஜ ஊசியும் வெற்று மாத்திரையும்: 13.9. இரண்டுமே பொய்: 16.8. பலன் மாத்திரைக்குத்தான், ஊசிக்கு இல்லை. அக்குபஞ்சர் பிறந்த மண்ணிலேயே, அதில் தேர்ந்தவர்கள் போட்ட ஊசி இது.

பச்சைக்கிளி, எடை குறைந்தாலே பிசிஓடியில் பலருக்கு முட்டை வெடிப்பது திரும்பும். அந்தப் பெருமை காலையில் நடந்த உங்கள் கால்களுக்குத்தான் சேரும் என்று நினைக்கிறேன்.

பச்சைக்கிளி (திருநெல்வேலி)

நடக்க வைத்ததே அந்த அம்மாதானே!

ஊசிமுனை (கோவை)

நான் இயற்கை மருத்துவம் படித்தவள், பிஎன்ஒய்எஸ் ஐந்தரை வருடப் படிப்பு. ஊசி போடுகிறேன். எண்ணெழுத்து சொன்ன ஆய்வுகளை நானும் படித்திருக்கிறேன், எண்கள் சரிதான்.

ஒரே ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். மழுங்கின ஊசியும் தோலை அழுத்துகிறது. அந்தப் பெண்ணும் இருபத்தைந்து நிமிடம் அமைதியாகப் படுக்கிறாள், ஒருவர் அவளைத் தொட்டுக் கவனிக்கிறார். அதனால் பொய் ஊசியை ஒன்றுமே இல்லாத சிகிச்சை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் என்னிடம் வருகிற பெண்களுக்கு, "இதனால் கரு தங்கும்" என்று நான் சொல்வதில்லை. சொல்ல ஆதாரம் இல்லை. "முட்டை இருப்பு கூடும், ஏஎம்ஹெச் (முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஏறும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடைத்த கருக்குழாயையும் ஊசி திறக்காது. வருகிறவர்களுக்குக் கிடைப்பது தூக்கம், பதற்றம் குறைவது. முட்டை எடுக்கிற அன்று மயக்க மருந்தோடு சேர்த்து ஊசி போட்டால் வலி குறைகிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. இரண்டு வாரம் ரிசல்ட்டுக்காகக் காத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த நாட்களில் கொஞ்சம் நிம்மதி கிடைப்பதும் சின்ன விஷயம் இல்லை.

எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்கு: ஊசி தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன், கால் மில்லிமீட்டருக்குள். சீல் வைத்த உறையை உங்கள் கண் முன்னால் கிழிக்க வேண்டும், ஒருமுறை போட்டது குப்பைக்கு. இடம் துடைத்துவிட்டு மெல்லிய குழாயை வைத்து ஒரு தட்டு. சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கும். பிறகு ஆழத்தில் ஒரு பாரம், ஒரு மதமதப்பு. அது வந்தால் போதும், அதற்கு மேல் வலித்தால் சொல்லிவிட வேண்டும். கெண்டைக்கால், பாதம், மணிக்கட்டு, உச்சந்தலை என்று போடுவோம். டிரான்ஸ்ஃபர் முடிந்த பிறகு அடிவயிற்றில் நான் தொடவே மாட்டேன்.

தாழம்பூவுக்கு முக்கியமாக ஒன்று. ஐவிஎஃப்பில் பலருக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசியும் ஆஸ்பிரினும் கொடுக்கிறார்கள். உங்களுக்கும் கொடுத்திருந்தால், அக்குபஞ்சர் போடுபவரிடம் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்காதவரிடம் படுக்காதீர்கள்.

கார்த்திகைப்பூ (திருச்சி)

ஊசிமுனை மாதிரி பேசுகிறவர்கள் எங்கள் பக்கம் கிடைக்கவில்லை. என் அக்காவுக்கு 36 வயதில் இரண்டு குழாயும் அடைப்பு என்று ரிப்போர்ட் வந்தது. ஒருவர், "ஸ்கேன் பார்க்காதே, ரிப்போர்ட்டைக் கிழித்துப் போடு, கழிவு நீங்கினால் குழாய் திறக்கும்" என்றார். நம்பிப் போய்க்கொண்டே இருந்தாள். ஐவிஎஃப்புக்கு வரும்போது அவளுக்கு வயது 39. முட்டை எண்ணிக்கை நன்றாகக் குறைந்துவிட்டது. பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த வயதை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொன்றும் கேட்கிறேன். இத்தனை பெண்களும் போய்ப் போய்ப் படுக்கிறோமே, வீட்டுக்காரருக்கு விந்துப் பரிசோதனை எடுத்தார்களா என்று எந்த ஹீலராவது கேட்டிருக்கிறாரா? என் அத்தானுக்கு எடுத்ததே கடைசியில்தான்.

எண்ணெழுத்து (பெங்களூரு)

இதைப் பெரிய எழுத்தில் எழுதிப் போட வேண்டும். குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஏதாவது காரணம் இருக்கும். ஒரு நாளில் முடிகிற மலிவான பரிசோதனை அது. அதை எடுக்காமல் மனைவிக்கு மட்டும் ஊசியோ மாத்திரையோ கொடுத்துக்கொண்டிருப்பது அநியாயம்.

மட்டுநகராள் (டோர்ட்முண்ட்)

நான் மட்டக்களப்பு, இப்ப ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். 36-ஆம் கிழமையிலிருந்து (வாரத்திலிருந்து) கிழமைக்கு ஒருமுறை, பிரசவத்துக்கு உடம்பைத் தயார்ப்படுத்தவென்று அக்குபஞ்சர் போடுவார்கள். போடுகிறது ஹெபாம்மே, அதுதான் மருத்துவிச்சி. பயிற்சி எடுத்து, அரசாங்கப் பதிவோடு வேலை செய்கிறவர்கள். கால் முழங்காலுக்குக் கீழே சில ஊசி, சின்ன விரலில் ஒன்று, நாங்கள் நாலைந்து வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சிகள் வட்டமாக இருந்து கதைத்துக்கொண்டிருப்போம்.

பிரசவம் சுருக்காக முடிந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்கு அது முதல் பிள்ளை, ஒப்பிட ஒன்றும் இல்லை. ஆனால் அதே ஹெபாம்மே ஒவ்வொரு முறையும் முதலில் பிரஷர் பார்த்து, சலம் (சிறுநீர்) சோதித்து, பிள்ளையின் துடிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பார். ஒருநாள் என் பிரஷர் கூடிக்கிடந்தது. ஊசி போடாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

வார்டுசிஸ்டர் (தஞ்சாவூர்)

மட்டுநகராள், நீங்கள் எழுதிய கடைசி மூன்று வரியை நாலு தடவை படித்தேன். அவர் கையில் ஊசி இருந்தது, பிரஷர் கருவியும் இருந்தது. நான் எதிர்பார்ப்பதும் இவ்வளவுதான்.

இளவேனில் (ஓசூர்)

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். எனக்கு 34 வாரம், தலைப்பிரசவம். குழந்தை தலை மேலே, பிருஷ்டம் கீழே இருக்கிறது. டாக்டர் "இன்னும் நேரம் இருக்கு, பார்க்கலாம்" என்கிறார். கால் சுண்டுவிரலில் சூடு காட்டினால் குழந்தை திரும்பும் என்று படித்தேன். நிஜமா?

ஊசிமுனை (கோவை)

இளவேனில், நிஜமாகவே ஆராய்ச்சி செய்து பார்த்த விஷயம் இது. மாக்ஸா என்று சொல்வோம். நம் ஊர் மாசிபத்திரி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் இலையைக் காயவைத்துச் சுருட்டுப் போல உருட்டியிருப்பார்கள். அதைப் பற்றவைத்து, சுண்டுவிரல் நகத்தின் வெளி ஓரத்தில் பிஎல் 67 என்கிற புள்ளிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிப்போம். தோலில் படக்கூடாது. இதமான சூடு வர வேண்டும், சுடுகிறது என்றால் உடனே தள்ளிப் பிடிக்க வேண்டும். இரண்டு காலுக்கும் பதினைந்து இருபது நிமிடம், ஒரு வாரம் பத்து நாள். பல பெண்கள் அந்த நேரத்தில் குழந்தை அதிகமாகத் துள்ளுவதாகச் சொல்வார்கள்.

1998-ல் கார்டினி என்ற இத்தாலிய மருத்துவரும் ஒரு சீன மருத்துவரும் சேர்ந்து சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் 260 தலைப்பிரசவப் பெண்களிடம் 33-ஆம் வாரத்தில் செய்து பார்த்தார்கள். மாக்ஸா செய்த 130 பேரில் 98 பேருக்கு 35-ஆம் வாரத்தில் தலை கீழே வந்துவிட்டது. செய்யாத 130 பேரில் 62.

எண்ணெழுத்து (பெங்களூரு)

அந்த 62-ஐ இளவேனில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றுமே செய்யாமல் கிட்டத்தட்டப் பாதிக் குழந்தைகள் தானே திரும்பிவிட்டன! 28 வாரத்தில் ஐந்தில் ஒரு குழந்தையாவது இப்படித்தான் தலை மேலாக இருக்கும். பிரசவ நேரத்தில் அது நூற்றுக்கு மூன்று நான்காகக் குறைந்துவிடும். அதனால் "எங்களிடம் வந்தார், திரும்பியது" என்கிற கதை எல்லா ஊரிலும் நிறையவே கிடைக்கும்.

கார்டினியே பிறகு இத்தாலியில் செய்தபோது பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. பெண்களுக்கு அந்தப் புகை பிடிக்கவில்லை, பலர் தொடரவில்லை. சேர்ந்த 123 பேரில் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே பலன். ஆனால் 2023-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்புக் குழு எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்து, வழக்கமான கவனிப்போடு மாக்ஸாவும் செய்தால் தலை திரும்பாமல் பிறப்பது ஓரளவு குறையக்கூடும் என்றுதான் எழுதியது. இந்த இழையில் பேசிய எல்லாவற்றிலும் எனக்கு ஓரளவு நம்பிக்கை தருவது இது ஒன்றுதான்.

வார்டுசிஸ்டர் (தஞ்சாவூர்)

இளவேனில், செய்வதற்கு முன் டாக்டரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இருக்கிறதா? இரட்டைக் குழந்தையா? ரத்தக்கசிவு இருந்ததா? கருப்பையில் ஏற்கெனவே அறுவை சிகிச்சை நடந்ததா? இதில் எது இருந்தாலும் வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் அந்தப் புகை ஆகாது. நிறைமாதத்தில் காலை நீங்களே எட்டிப் பிடிக்க முடியாது, வீட்டுக்காரரைப் பிடிக்கச் சொல்லுங்கள், சாம்பல் தட்ட ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கட்டும்.

திரும்பாவிட்டால் 36, 37 வாரத்தில் டாக்டர் வயிற்றின் மேலிருந்து கையால் திருப்பிப் பார்க்கலாம். அனுபவமுள்ளவர் செய்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பும். ஸ்கேன் பார்த்துக்கொண்டே, ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் தயாராக இருக்கும் இடத்தில்தான் செய்ய வேண்டும். தெருவில் வயிறு நீவி விடுகிறவர்களிடம் போய்விடாதீர்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் சிசேரியன். அதில் உங்கள் குறை எதுவும் இல்லை.

இளவேனில் (ஓசூர்)

நன்றி அம்மா. நஞ்சு மேலேதான் என்று ஸ்கேனில் இருக்கிறது. புதன்கிழமை செக்கப், கேட்டுவிட்டுச் செய்கிறேன். முதுகுக்குக் கீழே இடுப்பெலும்பு வலியும் தாங்கவில்லை, அதற்கும் ஊசி உதவுமா?

ஊசிமுனை (கோவை)

உதவலாம். 2005-ல் ஸ்வீடனில் 386 கர்ப்பிணிகளிடம் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்தவர்களைவிட ஊசியும் சேர்த்து எடுத்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. எண்ணெழுத்து சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், அதே குழுவினர் பிறகு பொய் ஊசியோடு ஒப்பிட்டபோது வலியில் வித்தியாசம் இல்லை. கர்ப்பத்தில் வலிமாத்திரை அதிகம் போட முடியாது என்பதால் இதை நான் நல்ல வழியாகவே நினைக்கிறேன்.

மசக்கைக்கும் கேட்பார்கள். மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாணுக்கும் நடுவில் பிசி 6 என்ற புள்ளி. அடிலெய்டில் 593 பெண்களிடம் பார்த்ததில் குமட்டல் குறைந்தது, வாந்தி குறையவில்லை. அந்த இடத்தை நீங்களே அழுத்திக்கொள்ளலாம், செலவில்லை. ஆனால் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் போவது குறைகிறது என்றால் அழுத்திக்கொண்டு உட்காராதீர்கள், டிரிப்ஸ் ஏற்ற வேண்டும்.

கைக்கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள எல்ஐ 4, உள் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே உள்ள எஸ்பி 6 இரண்டையும் மாதம் நிறையும் வரை தூண்டக் கூடாது என்பது எங்கள் பாடத்தில் உள்ள கட்டுப்பாடு. ஆய்வுகளில் இவற்றால் கேடு வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. இருந்தாலும் நான் தொடுவதில்லை.

இயற்கைவழி (ஊர் குறிப்பிடவில்லை)

ஆஸ்பத்திரி போனாலே சிசேரியன்தான். நம் பாட்டிகள் எல்லாம் வீட்டில்தான் பெற்றார்கள். ஸ்கேன், மாத்திரை, தடுப்பூசி எதுவுமில்லாமல் அக்குபஞ்சர் தொடுமுறையில் வீட்டிலேயே சுகப்பிரசவம். எங்கள் குழுவில் சேர [எண் நீக்கப்பட்டது]

நெறியாளர்

தொலைபேசி எண்ணையும் குழு இணைப்பையும் நீக்கியிருக்கிறேன். இந்தத் தளத்தில் வீட்டுப் பிரசவத்துக்கு ஆள் சேர்க்க அனுமதி இல்லை.

வார்டுசிஸ்டர் (தஞ்சாவூர்)

நெறியாளருக்கு நன்றி. ஆனால் அவர் சொன்னதற்குப் பதில் சொல்லாமல் விட மாட்டேன், ஏனென்றால் தாழம்பூ மாதிரிப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

பாட்டிகள் வீட்டில் பெற்றார்கள், உண்மை. பெற்றபோது போனவர்களின் கதையைச் சொல்ல அவர்கள் இல்லை, அவ்வளவுதான். 2018-ல் திருப்பூரில் ஒரு ஆசிரியை, வீடியோ பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்ததில் ரத்தப்போக்கில் இறந்தார். 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரம் நேமத்தில் தாயும் குழந்தையும் இறந்தார்கள். அங்கே அக்குபஞ்சர் பார்த்தவரையும் கணவரையும் போலீஸ் கைது செய்தது.

பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு எப்படி இருக்கும் என்று பார்க்காதவர்களுக்குத் தெரியாது. நன்றாகப் பேசிக்கொண்டிருப்பாள். கருப்பை சுருங்காமல் தொளதொளவென்று நிற்கும். விரிப்பு நனையும், மாற்றுவோம், மறுபடி நனையும். உதடு வெளுக்கும், தண்ணீர் கேட்பாள், கை சில்லிட்டுப் போகும். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாய்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் குழந்தை வெளியே வந்ததுமே தொடையில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் போடுகிறோம். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்த மருந்து, பலூன், ரத்தம், தியேட்டர். எந்தப் புள்ளியை விரலால் தொட்டும் அதை நிறுத்த முடியாது.

நம் மாநிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பிரசவத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. அதைக் கொண்டுவர கிராமத்துச் செவிலியர்கள் வெயிலில் நடந்திருக்கிறார்கள். தேவையில்லாமல் சிசேரியன் செய்கிறார்கள் என்ற கோபம் எனக்கும் உண்டு, அதைக் கேள்வி கேளுங்கள், வேறு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள், அரசு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். வீட்டில் படுத்துக்கொண்டு அதற்குத் தீர்வு தேடாதீர்கள்.

தாழம்பூ (சேலம்)

எல்லாவற்றையும் என் கணவரும் உட்கார்ந்து படித்தார். அந்த ஹீலரிடம் இனிப் போவதில்லை. ஊசி அக்குபஞ்சர் டிரான்ஸ்ஃபர் சமயத்தில் மனசுக்காக எடுக்கலாமா என்று எங்கள் டாக்டரிடம் கேட்டோம். "என் மருந்துச்சீட்டில் கைவைக்காதவர் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஹெப்பாரின் போடுவதைச் சொல்லிவிடுங்கள்" என்றார். டிஎஸ்ஹெச்சுக்கும் ரத்தம் கொடுத்தாயிற்று. மாமியாரிடம்தான் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

வைகைக்கரை (மதுரை)

அவரையும் அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவர் உங்களை அங்கே கூட்டிப் போனது பாசத்தில்தானே? சந்தேகத்தை அவரே டாக்டரிடம் கேட்கட்டும். நீங்கள் சொன்னால் எதிர்ப் பேச்சு மாதிரித் தோன்றும், டாக்டர் சொன்னால் கேட்டுக்கொள்வார். ஊசி போடுகிற இடத்துக்குத் துணைக்கு வரச் சொல்லுங்கள், அவருக்கும் ஒரு பங்கு இருக்கும்.

மருதாணி (விழுப்புரம்)

இதைப் படித்ததும் பயமாகிவிட்டது. என் தங்கைக்கு நேற்று முன்தினம் இரவு பிரசவம், சுகப்பிரசவம். அவளுக்கு ஓ நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ். ஆஸ்பத்திரியில் ஏதோ ஆன்டி-டி ஊசி போட வேண்டும் என்றார்கள். அவள் கணவர் ஒரு ஹீலரிடம் போனில் கேட்டுவிட்டு, "அது ரசாயனம், வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்து டிஸ்சார்ஜ் வாங்கிவிட்டார். இந்தக் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது. அவசியமா?

வார்டுசிஸ்டர் (தஞ்சாவூர்)

மருதாணி, அவசியம். இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. குழந்தையின் பாசிட்டிவ் ரத்தம் தங்கையின் உடம்பில் கலந்திருந்தால் அதற்கு எதிராக அவள் உடம்பு தயாராகிவிடும். அப்புறம் வருகிற பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தை அது வயிற்றிலேயே அழிக்கும். அப்படித் தயாராகிவிட்ட பிறகு எந்த ஊசியாலும் மாற்ற முடியாது. பிரசவமான 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்களுக்கு நாளை இரவு வரை நேரம் இருக்கிறது, ஆனால் இன்றே போய்விடுங்கள். அதே ஆஸ்பத்திரிக்குப் போகச் சங்கடமாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போங்கள், ரத்த வகை ரிப்போர்ட் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை 72 மணி தாண்டிவிட்டாலும் பத்து நாள் வரை ஓரளவு பலன் உண்டு, அதனால் தாண்டிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். மாப்பிள்ளையிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டு வண்டியை எடுங்கள்.

மருதாணி (விழுப்புரம்)

படித்துக் காட்டினேன். எதுவும் பேசவில்லை, ரிப்போர்ட் ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார். முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறோம்.